அணைக்காத வண்டி

விர்ட்சு துறையில் படகேறும்போதே
ஒருமுறை தயங்கியது.
குளிர் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.
அக்கரையில், முகு தீவில், படகின் வாய் திறந்ததும்
சாவியைத் திருப்பினேன்.
டக்.
யாரோ கதவைத் தட்டிவிட்டு
திறக்குமுன் போய்விட்ட மாதிரி.

முன்விளக்கைப் போட்டு மறுபடி திருப்பினேன்.
விளக்கு மங்கவில்லை.
பாட்டரி மேல் பழிபோட வழியில்லை.
ஸ்டார்ட்டர் மோட்டாருக்குள்ளே
தேய்ந்துபோன கார்பன் துண்டு
செம்பைத் தொட எட்டாமல் நிற்கிறது.
அறுபத்தாறாம் வருடத்து வோல்கா,
ஒன்றரை டன் இரும்பு,
காத்திருப்பது ஒரு மயிரிழைக்கு.

பின்னால் பதினேழு கார், ஒரு பால் லாரி.
இந்த ஊரில் யாரும் ஹாரன் அடிப்பதில்லை.
அடித்திருந்தால் தேவலை.
எல்லோரும் கண்ணாடிக்குப் பின்னால்
என் பிடரியைப் படித்துக்கொண்டிருந்தார்கள்.

ஆரஞ்சுக் கோட்டோடு வந்தான் படகுக்காரன் ரைவோ.
"கைப்பிடி இருக்கா?"
டிக்கியில், உபரிச் சக்கரத்துக்கு அடியில்,
போன நூற்றாண்டிலிருந்து தூங்கிக்கொண்டிருந்தது.
"கட்டைவிரலால் சுற்றிப் பிடிக்காதே.
நாலு விரலோடு சேர்த்து வை.
திருப்பி உதைத்தால்
விரல் உன்னுடையதாக இருக்காது."
முதல் சுற்றில் இருமல்.
இரண்டாவதில் ஒன்றுமில்லை.
மூன்றாவதில் பிடித்தது.
பால் லாரிக்காரர் தொப்பியை லேசாகத் தூக்கினார்,
சவ ஊர்வலத்துக்குத் தூக்குவதுபோல.

அதற்குப் பிறகு நான் அணைக்கவில்லை.
பெட்ரோல் பங்கில் நிற்கவில்லை.
ஜூனிப்பர் புதர்களுக்கு நடுவே
ஒதுங்க நேர்ந்தபோதும்
ஓடவிட்டே ஒதுங்கினேன்.
கூரைக்குத் தகரம் வாங்கவேண்டும்,
பணம் இந்தப் பெண்ணிடம் இருக்கிறது,
முழுப் பூசணிக்காயோடு போகிறேன்,
சோறு போதுமா தெரியவில்லை.

மாரிக்கா மாட்டு வைத்தியர்.
தொழுவத்திலிருந்து ரப்பர் பூட்ஸோடே வந்தாள்,
முழங்கைவரை கழுவிய ஈரம்.
பெயின்ட்டைப் பார்க்கவில்லை.
மூடியில் கைவைத்து நின்றாள், வெகுநேரம்.
"நல்ல மூச்சு" என்றாள்.
"அணையுங்கள்."

வழியெல்லாம் சூடாகி வந்திருக்கிறது,
கொஞ்சம் ஓடட்டும், எண்ணெய் இறங்கட்டும் என்று
எண்ணெய்க்கே தெரியாத காரணங்கள் சொன்னேன்.
அவள் ஜன்னல் வழியே கையை விட்டுச்
சாவியைத் திருப்பினாள்.

எவ்வளவு அமைதி.
தூரத்தில் ஒரு கன்று.

"இப்போது போடுங்கள், எந்தெல்."
டக்.
"என் நோயாளிகள் பேசமாட்டார்கள்" என்றாள்.
"பொய் சொல்வதெல்லாம் கூட்டிவருகிறவர்கள்தான்."
திட்டவில்லை. சாக்கை விரித்து
வண்டிக்கடியில் போனாள்.
சுத்தியலால் மோட்டாரின் விலாவில் இரண்டு தட்டு.
"ம்."
உடனே எழுந்தது, துரோகி.

பிறகு அணைத்துவிட்டு, அடித்தகட்டைக் கழற்றி,
என்னைக் கைப்பிடியை மெல்லச் சுற்றச் சொல்லி
டார்ச் அடித்துப் பார்த்தாள்.
பறக்கும் சக்கரத்தின் பற்களில்
எதிரெதிராக இரண்டு இடம் மழுங்கியிருந்தது.
"நாலு சிலிண்டர் வண்டி
எப்போதும் இந்த இடங்களில்தான் வந்து நிற்கும்.
எழும்போது அதே பல்லில்தான் கடிபடும்."

நான் சுற்றிக்கொண்டே இருந்தேன்.
எனக்கும் அப்படி ஓர் இடம் உண்டு,
சொல்லவேண்டியதைச் சொல்லுமுன்
எப்போதும் வந்து நிற்கிற இடம்.
முன்னாள் மனைவிக்கு அது தெரியும்.
டார்ச் தேவைப்படவில்லை.

முந்நூறு யூரோ குறைத்தாள்.
தகரம் பாதிக் கூரைக்கு வரும்.
மறுபாதிக்கு மழை.

கடைசிப் படகுக்கு அவளே கொண்டுவந்து விட்டாள்.
ரைவோ கையசைத்தான், கைப்பிடி சுற்றுவதுபோல.
இறங்கிக் கதவைச் சாத்திவிட்டுத்
திரும்பிப் பார்த்தேன்:
விடைபெற வெளியே வந்து நின்றவள்
ஒரு கையை ஜன்னலுக்குள்ளேயே வைத்திருந்தாள்.
அவளும் அணைக்கவில்லை.